ஹீட்டரில் “ஷாக்”! ரிப்பேர் செலவு யார் தலையில்? வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுத்தெருவில் தகராறு

திருவாலங்காடு:-

சென்ற மார்கழி மாதம். மணி 5 இருக்கும். விடிய இன்னும் நேரம் இருந்தது. தெரு முழுவதும் பனி.

திடீர் என்று ஒரு மாடி வீட்டில் இருந்து “ஐயோ!” என்று ஒரு பெண்ணின் அலறல் சத்தம் கேட்டது.

திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, அக்கம்பக்கத்தார் தடியும் டார்ச் லைட்டுமாக ஓடினார்கள்.

அங்கே திருடன் இல்லை. பெண்ணைத் தாக்கியது மின்சாரம்!

குளியல் அறையில் வெந்நீர்க் குழாயைத் திறக்கப் போன அந்தப் பெண்ணின் கையில் “ஷாக்” அடித்து இருக்கிறது. சுவரில் போய் மோதிக் கீழே விழுந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததாலோ என்னவோ, உயிர் தப்பினார். கணவர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

அலறல் அடங்கியது. சண்டை ஆரம்பித்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாய்ச்சண்டை

மாடியில் குடியிருப்பவர் தினமும் முதல் ரெயிலைப் பிடித்து சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளும் இருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரர். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தை எல்லாம் போட்டு மாடி கட்டியவர். இரண்டு பேருமே “பெயரைப் போட்டுடாதீங்க” என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

மாத வாடகை 4 ஆயிரம் ரூபாய். அதில் 300 ரூபாய், “ஹீட்டர் இருக்கிற வீடு” என்பதற்காகச் சேர்த்தது. இது வாய்ப் பேச்சு. பத்திரம் கிடையாது.

மாடிக்காரர் சொன்னார்:-

“ஐயா, ஹீட்டர் உங்களுது. அதுக்குன்னு தனியா 300 ரூபா வாங்குறீங்க. நீங்கதான் சரி பண்ணித் தரணும்.”

வீட்டுக்காரர் விடவில்லை.

“இன்னா தம்பி பேசுறே? நான் குடுக்கும்போது நல்லாத்தானே ஓடிச்சு? எட்டு மாசமா வெந்நீர்ல குளிச்சது நீயா, நானா? யூஸ் பண்ணவங்கதான் ரிப்பேர் பண்ணணும்.”

“ஐயா, என் சம்சாரம் உயிர் போயிருந்தா?”

“அதுக்கு நான் இன்னா பண்றது? ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதேன்னு அந்தப் பொண்ணுக்கு நீதான் சொல்லணும்.”

அவ்வளவுதான். வார்த்தை தடித்தது. “அட்வான்சைக் குடுங்க, காலி பண்றேன்” என்றார் இவர். “குடுக்கிறேன், பெயிண்டு செலவைக் கழிச்சுட்டுக் குடுக்கிறேன்” என்றார் அவர். பால்காரர், பூக்காரம்மா, கோவிலுக்குப் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் ரெயிலும் போய்விட்டது.

போலீசுக்குப் போகலாம் என்றார் ஒருவர். எதிர்வீட்டில் இருந்த முன்னாள் ஏட்டு தலையை ஆட்டினார். “யாரும் யாரையும் அடிக்கலை. ஹீட்டர் ரிப்பேருக்கு எல்லாம் எப்.ஐ.ஆர். போட மாட்டாங்க. முதல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க” என்றார்.

அதுதான் அன்று யாராவது சொன்ன முதல் நல்ல வார்த்தை.

இரண்டு கோளாறு

எலக்ட்ரீசியன் வந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டரைக் கழற்றினார். பிளக் போர்டையும் கழற்றினார். அரை மணி நேரத்தில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

கோளாறு ஒன்று அல்ல, இரண்டு.

முதலாவது, ஹீட்டருக்கு உள்ளே இருக்கும் காயில். போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால், சூடாகும் காயிலின் மேல் வெள்ளைப் பாறை போல உப்பு ஏறிவிடும். அந்தச் சூட்டில் காயிலின் மேல் உறை வெடிக்கும். உள்ளே போகும் மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் பாயும். இந்த வீட்டில் நடந்தது அதுதான்.

இரண்டாவது, எர்த் ஒயர். மூன்று முனை பிளக்கில் பெரிதாக இருக்கும் முனைதான் எர்த். காயில் வெடித்துக் கசியும் மின்சாரத்தை அது பூமிக்குள் இறக்கிவிட வேண்டும். அப்படி இறங்கினால் பியூஸ் போகும், அல்லது டிரிப்பர் விழும். ஆள் பிழைப்பார்.

இந்த வீட்டுப் பிளக் போர்டில் மூன்று ஓட்டை இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை!

“காயில் போனது காலக் கோளாறு. எல்லா வீட்டிலும் போகும். எர்த் இல்லாததுதான் ஆளைக் கொல்லும்” என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீசியன் பீடியைப் பற்ற வைத்தார்.

காயில் செலவு யாருக்கு? எர்த் ஒயர் செலவு யாருக்கு? இதைத் தெரிந்துகொள்ள திருத்தணியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம்.

சட்டம் சொல்வது

அவர் விளக்கியது, வாடகை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

தமிழ்நாட்டில் ரொம்ப காலம் இருந்தது 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது போய்விட்டது. அதற்குப் பதிலாக 2017-ல் ஒரு புதிய சட்டம் போட்டார்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். 2019-ம் வருடம் பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே 2021 ஜூன் மாதம்தான். தமிழ்நாடு அதற்கு முன்பே சட்டம் போட்டுவிட்டது.

அந்தச் சட்டத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த ரிப்பேர் யாருடையது என்று வரிசையாகச் சொல்லி இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பொறுப்பு:-

கட்டிடத்தில் வரும் ரிப்பேர் (குடித்தனக்காரர் உடைத்ததைத் தவிர). சுண்ணாம்பு அடிப்பது. கதவு, ஜன்னலுக்குப் பெயிண்டு. தேவைப்படும்போது தண்ணீர்ப் பைப்பு மாற்றுவது. வீட்டின் உள்ளேயும் வெளியேயும் எலக்ட்ரிக் ஒயரிங்.

குடித்தனக்காரர் பொறுப்பு:-

குழாய், குழாய் வாஷர். சாக்கடை அடைப்பு. கக்கூஸ், வாஷ் பேசின் ரிப்பேர். சுவிட்ச், பிளக் பாயிண்டு ரிப்பேர். டிரிப்பர் ரிப்பேர். சமையல் அறையில் பொருத்திய சாமான் ரிப்பேர். தாழ்ப்பாள், பூட்டு. ஜன்னல் கண்ணாடி. கொசு வலை. எலக்ட்ரிக் சாமான்களின் ரிப்பேர்.

அதோடு, ஹீட்டர் ரிப்பேர்!

ஆமாம். பட்டியலில் அதைத் தனியாகவே போட்டு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாங்கி மாட்டியதாக இருந்தாலும், ரிப்பேர் குடித்தனக்காரருடையது.

அப்படியானால் மாடிக்காரர் தோற்றாரா?

பாதிதான் தோற்றார். காயில் அவர் தலையில் விழும். எர்த் ஒயர் வீட்டு ஒயரிங்கைச் சேர்ந்தது. அது வீட்டுக்காரர் தலையில் விழும். நடுத்தெருவில் கத்திய இரண்டு பேருமே பாதி சரி, பாதி தப்பு.

“வேறு மாதிரி எழுதாவிட்டால்...”

பெயிண்டு செலவைக் கழிப்பேன் என்று வீட்டுக்காரர் மிரட்டினாரே, அதுவும் பட்டியல்படி நிற்காது. பெயிண்டு அவருடைய கணக்கு.

ஆனால் வக்கீல் ஒரு விஷயத்தை விரலால் தட்டிக் காட்டினார். அந்தப் பட்டியலுக்கு மேலே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால், எழுதியதுதான் செல்லும். எழுதாவிட்டால்தான் பட்டியல்.

“ஹீட்டர் ரிப்பேர் வீட்டுக்காரருடையது” என்று ஒரே ஒரு வரி அன்றைக்கு எழுதி இருந்தால், 300 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிற மாடிக்காரர் ஜெயித்து இருப்பார்.

தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் பொதுவாக ஒரே மோட்டார் ஓடுகிறது. எரிந்து போனால் யார் காயில் கட்டுவது? பொதுவான வசதிகளுக்கு யார் யார் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எழுதாதவர்கள் வெறுங்குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

அட்வான்சும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்.

வாடகையில் கழிக்கலாமா?

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை அவர் செய்யவே இல்லை என்றால்?

நியாயமான அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், குடித்தனக்காரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். அதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

உதாரணமாக, வாடகை 4 ஆயிரம். ஒயரிங் செலவு 4,500 ரூபாய். முதல் மாதம் 2 ஆயிரம், இரண்டாம் மாதம் 2 ஆயிரம், மூன்றாம் மாதம் 500 என்று கழிக்கலாம். ஒரே மாதத்தில் மொத்தத்தையும் கழித்துவிட்டு, “வாடகை கிடையாது” என்று சொன்னால் அது வாடகை பாக்கியாக மாறிவிடும். வழக்கு திரும்பிக் கடிக்கும்.

குடித்தனக்காரர் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், வீட்டுக்காரர் செய்துவிட்டு அட்வான்சில் கழிக்கலாம். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

ரிப்பேரைப் பார்க்க வீட்டுக்காரர் வரலாம். நினைத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வரக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

சண்டை வந்ததும் சில வீட்டுக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பியூசைப் பிடுங்கிவிடுவார்கள். இது கூடவே கூடாது. தண்ணீர், மின்சாரம் முதலான அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் தானாகவோ, ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. புகார் கொடுத்தால், வாடகை அதிகாரி உடனே இடைக்கால உத்தரவு போடலாம். வாடகை அதிகாரி என்பவர் துணைக் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர். அவருக்கு மேல் வாடகை கோர்ட்டு, அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல்!

இவ்வளவையும் கேட்டுவிட்டு சந்தோஷமாக எழுந்தோம். “உட்காருங்க தம்பி” என்றார் வக்கீல்.

இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்காக வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று எல்லை உண்டு. திருத்தணி நகராட்சி. அங்கே இந்தச் சட்டம் வரும். திருவாலங்காடு ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம்தான். சர்க்கரை ஆலை இருக்கிறது. சென்னை - அரக்கோணம் பாதையில் ரெயில் நிலையம் இருக்கிறது. மாடி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஊர் இன்னும் கிராம ஊராட்சி.

அப்படியானால் இங்கே வாடகைக்கு இருப்பவருக்கு எந்தச் சட்டம்?

1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம்! வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. அப்போது திருவாலங்காட்டில் மின்சாரமும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது.

அந்தச் சட்டத்தின் 108-வது பிரிவில் இருப்பது இதுதான்: வீட்டில் தனக்குத் தெரிந்து, குடிவருபவருக்குத் தெரியாத பெரிய குறை இருந்தால் உரிமையாளர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நோட்டீசு கொடுத்தும் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். குடியிருப்பவர் காலி செய்யும்போது, வீட்டை வாங்கிய மாதிரியே ஒப்படைக்க வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு.

“கடமைப்பட்ட ரிப்பேர்” என்கிறது சட்டம். எது எது கடமை? பட்டியல் கிடையாது. இரண்டு பேரும் ஒப்பந்தத்தில் எழுதி இருந்தால்தான் அது கடமை என்று கோர்ட்டில் காட்ட முடியும்.

இன்னொன்று. ஒப்பந்தம் இல்லாமல் மாத வாடகைக்கு இருப்பவரை, 15 நாள் நோட்டீசு கொடுத்துக் காலி பண்ணச் சொல்ல 1882 சட்டத்தில் வழி இருக்கிறது. ஹீட்டர் கேட்கப் போய் வீடே போய்விடலாம்!

நகரத்தில் எழுதாதவருக்காவது ஒரு பட்டியல் துணைக்கு இருக்கிறது. கிராமத்தில் எழுதாதவருக்கு அதுவும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 1985-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டில், தண்ணீர், மின்சாரம், கேஸ் இணைப்பு, வெந்நீர் சாதனம் எல்லாவற்றையும் வேலை செய்யும் நிலையில் வைப்பது வீட்டுக்காரர் கடமை. குளிர் நாடு. வெந்நீர் இல்லாமல் இருக்க முடியாது.

சிங்கப்பூரில் வேறு வழி. அங்கே வாடகை ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு வரி சேர்ப்பார்கள். “இத்தனை டாலர் வரை வரும் சின்ன ரிப்பேர் குடியிருப்பவருடையது. அதற்கு மேல் போனால் வீட்டுக்காரருடையது.” குடிவந்த முதல் மாதத்தில் எது கெட்டாலும் வீட்டுக்காரரே சரி பண்ணித் தரவேண்டும் என்றும் பல ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள்.

இந்த இரண்டு வரியை நம் ஊரிலும் எழுதிக்கொள்ளலாம். “500 ரூபாய் வரை என்னுது. அதுக்கு மேலே உங்களுது.” சண்டையில் முக்கால்வாசி அங்கேயே செத்துவிடும்.

வாக்குக் கொடுத்த ஊர்

“எங்க ஊர்ல வாய் வார்த்தை போதும்ப்பா. எதுக்குப் பத்திரம்?” என்று அந்த வீட்டுக்காரர் நம்மிடம் கேட்டார்.

அவர் கேட்டதிலும் அர்த்தம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பழையனூர் கதை எல்லோருக்கும் தெரியும். நீலி என்ற பேய் பெண் வேடத்தில் வந்து, வணிகன் ஒருவனைத் தன் புருஷன் என்று சொல்லி அழுதாள். “நீலிக் கண்ணீர்” என்ற பேச்சு வந்ததே அதனால்தான். “உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம்” என்று ஊர் வேளாளர்கள் 70 பேர் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

சரி. அந்த 70 பேர் மாதிரி ஆள் இன்று எத்தனை பேர்?

இதே ஊரில் இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. ராஜேந்திர சோழன், இதே பழையனூரை திருவாலங்காட்டுக் கோவிலுக்குத் தானமாகக் கொடுத்தான். கங்கை வரைக்கும் படை அனுப்பிய ராஜா. அவன் வார்த்தையை யார் மறுக்க முடியும்? அவனே வாய் வார்த்தையோடு விடவில்லை. செப்பேட்டில் வெட்டி வைத்தான். மொத்தம் 31 செப்பேடுகள். 1905-ல் கிடைத்த அந்தத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை வைத்துத்தான் சோழர் சரித்திரத்தில் பாதியை எழுதி இருக்கிறார்கள்.

ராஜாவே எழுதி வைத்தான். 4 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு நாம் ஒரு தாள் எழுதக் கூடாதா?

என்ன எழுத வேண்டும்?

வக்கீலும் எலக்ட்ரீசியனும் சொன்னதைச் சேர்த்துத் தருகிறோம். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டோடு வரும் சாமான் பட்டியல். பேன் எத்தனை, டியூப் லைட் எத்தனை, ஹீட்டர், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும். பழையதா, புதியதா என்றும் எழுதுங்கள்.

2. ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே, ரிப்பேர் யாருடையது என்று ஒரு வார்த்தை. அடியோடு போனால் புதியது வாங்குவது யார் என்று இன்னொரு வார்த்தை. ரிப்பேர் வேறு, புதியது வாங்குவது வேறு. இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. எத்தனை ரூபாய் வரை குடித்தனக்காரர், அதற்கு மேல் யார்.

4. பொது மோட்டார் என்றால் யாருக்கு எத்தனை பங்கு.

5. குடிபோகும் அன்றே எல்லாச் சாமானையும் போட்டுப் பார்த்து, செல்போனில் போட்டோ எடுங்கள். இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும்.

6. ஏதாவது பழுது என்றால் அன்றே வாட்ஸ்-அப்பில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். “வாயால் சொன்னேன்” என்பது கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

7. ரிப்பேர் பில்லையும், கழற்றிய பழைய காயிலையும் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி.

8. வாடகைக்கு ரசீது வாங்குங்கள். பணத்தை போன் மூலம் அனுப்பினால் அதுவே கணக்கு.

9. நகரத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரசாங்க இணையதளம் இருக்கிறது. பதிவு எண் தருவார்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். 1987-ம் வருடத்துச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

உயிர் போனால் கிரிமினல்!

செலவுத் தகராறு சிவில் விவகாரம். உயிர் போய்விட்டால் கதை வேறு.

“எர்த் இல்லை, ஷாக் அடிக்கிறது” என்று குடியிருப்பவர் சொல்லியும், வீட்டுக்காரர் சும்மா இருந்து, யாராவது இறந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியதாக வழக்கு வரலாம். முன்பு இதற்கு 304-ஏ பிரிவு இருந்தது. இரண்டு வருடம் வரை ஜெயில். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டத்தில் 106-வது பிரிவு. ஐந்து வருடம் வரை ஜெயில்.

குடித்தனக்காரரும் தப்ப முடியாது. ஷாக் அடிப்பது தெரிந்தும், “வாடகை வீடுதானே” என்று அப்படியே ஓட்டிக்கொண்டு இருந்தால், போவது அவர் பெண்டாட்டி பிள்ளை உயிர்.

எலக்ட்ரீசியன் சொல்லும் வழி சுலபம். ஹீட்டரைப் போட்டுத் தண்ணீர் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும். வீட்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும் டிரிப்பர் கிடைக்கிறது. அதை மெயின் போர்டில் மாட்டிவிட்டால் ஒயரிங் தப்பாக இருந்தாலும் ஆள் பிழைக்க வழி உண்டு.

கடைசியில் நடந்தது

மாடி வீட்டுச் சண்டை என்ன ஆயிற்று?

அன்று சாயங்காலம், முன்னாள் ஏட்டு இரண்டு பேரையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். டீ வந்தது. காயில் செலவு மாடிக்காரருடையது, எர்த் இழுக்கும் செலவு வீட்டுக்காரருடையது, டிரிப்பருக்கு ஆளுக்குப் பாதி என்று முடிவானது. வாடகையில் சேர்த்த 300 ரூபாயை, ஹீட்டர் ஓடாத நாட்களுக்குக் கழித்துக்கொள்வதாக வீட்டுக்காரரே சொன்னார்.

வீட்டுக்காரர் மனைவிதான் கடைசியில் பேசினார். “அந்தப் பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிடுது. அது செத்திருந்தா இந்த வீட்டுல நான் எப்படிக் குடியிருப்பேன்?” என்றார். யாரும் பதில் பேசவில்லை.

ஏட்டு ஒரு நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்தார். பேன் 3, டியூப் லைட் 4, ஹீட்டர் 1, மோட்டார் பொது என்று வரிசையாக எழுதினார். எதிரே “வீட்டுக்காரர்”, “குடித்தனம்” என்று குறித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாடிக்காரர் மகள் செல்போனில் போட்டோ எடுத்தாள்.

“முத்திரைத்தாள்லே ஒழுங்கா ஒண்ணு எழுதி வாங்கணும்” என்றார் மாடிக்காரர்.

“வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள்” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் அந்தப் பிளக் போர்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சை நிற எர்த் ஒயர் வந்து சேர்ந்தது. மாடிக்காரர் முதல் ரெயிலைப் பிடித்தார்.

உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா? இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்!